மூன்று மிஷின் தள்ளி நின்ற சாட்சி

1. ஒப்புக்கொண்டவன்

செல்லையா என் அறைக்கு வந்த முதல் நாளே, அந்த வார்த்தையைச் சொன்னதாக ஒப்புக்கொண்டான்.

"சொன்னேன்யா. ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய்யி? மேஸ்திரியோட ஆத்தாவ இழுத்துத்தான் சொன்னேன். மகளுக்குக் காய்ச்சல், லீவு வேணும்னு நின்னேன். 'காய்ச்சல் ஒனக்கா ஒன் மகளுக்கா'ன்னு கேட்டாரு. அவரு அங்கிட்டுப் போகவும் வாயில வந்துருச்சு."

எழுபதுகளின் தொடக்கம் அது. உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிர் வரிசையில், ஒரு உரக்கடையின் மாடியில் என் அறை. கீழே மூட்டை இறக்கினால் மேலே என் மேஜை அதிரும். செல்லையா தேனிப் பக்கத்தில் ஒரு நூற்பு மில்லில் சைடர். ரிங் பிரேமில் அறுந்துபோகிற நூலை நடந்துகொண்டே ஒட்டிப் போடுகிற வேலை. மேஸ்திரி பரமசிவத்தை அசிங்கமாகத் திட்டினான் என்று சார்ஜ் ஷீட் கொடுத்து, உள்விசாரணை நடத்தி, அவனை டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். சங்கச் செயலாளர் காதர் அவனை என்னிடம் அழைத்து வந்திருந்தார். அவரும் அதே ஹாலில் வேலை பார்ப்பவர்.

நான் விசாரணை நகலைப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே லாரி உறுமியது. நிமிர்ந்தபோது இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் கதவோரம். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன பாய், எனக்குத் தெரியாம என்ன பேச்சு?"

காதர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "ஒண்ணுமில்லய்யா. ஒங்க மூக்குக் கண்ணாடி இறங்கி இறங்கி வருதுல்ல. விழுந்தா டீ கிளாஸுக்குள்ள விழுமா, கேஸ் கட்டுக்குள்ள விழுமான்னு இவன் பந்தயம் கேக்குறான்."

அப்போதுதான் விவரம் சொன்னார்கள். ரிங் பிரேம் ஹாலுக்குள் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேச்சு. நாலு மிஷின் தள்ளி நிற்பவனிடம் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பார்களாம்.

"மேஸ்திரிக்கும் இது தெரியுமா?"

"எங்களுக்கெல்லாம் வாத்தியாரே அவருதான்" என்றான் செல்லையா. "முக்காவாசி திரும்பி நின்னாக்கூட, தாடை அசையிறத வச்சே சொல்லிருவாரு. அன்னைக்கு அவரு பாக்குறாருன்னு தெரியாமத்தான் சொல்லிட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு வாதம் கிடைத்துவிட்டது. விசாரணையில் மேஸ்திரி சொல்லியிருந்தது ஒரே வரி: மூன்று மிஷின் தள்ளி நின்றேன், இன்ன வார்த்தை சொன்னான். எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை.

2. பாதியில் வெட்டிய பதில்

அந்தக் காலத்தில் எங்கள் கோர்ட்டில் எல்லாரும் நிலத் தகராறும் பாகப்பிரிவினையும்தான் நடத்தினார்கள். மில் ஆட்களுக்காகவும் எஸ்டேட் ஆட்களுக்காகவும் நின்றவன் நான் ஒருவன்தான். என் அப்பாவுக்குத் தேனி பஜாரில் ஜவுளிக்கடை. மில் முதலாளிகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பம், ஒரே சர்ச். நான் முதல் மில் கேஸை எடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பெஞ்சில் மட்டும் இடம் இருக்கும். யாரும் எதுவும் சொன்னதில்லை. வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். என் மனைவிக்கு அது தாங்கவில்லை. மகன் படிப்பைச் சொல்லி மதுரையில் அவள் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். லேபர் கோர்ட் மதுரையில். வாய்தாவுக்குப் போகிற நாளில் அவர்களைப் பார்ப்பேன். மற்ற நாளில் ஓட்டல் சாப்பாடு.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இருந்தது தொழில் மட்டும்தான். ஜெயிப்பது மட்டும்தான் எனக்குப் பேச்சுத்துணை மாதிரி இருந்தது.

மில் நடத்திய உள்விசாரணை முறைப்படி இல்லை என்று லேபர் கோர்ட்டில் முதலிலேயே முடிவானது. அதனால் மேஸ்திரி பரமசிவம் கோர்ட்டுக்கு வந்து மறுபடி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கோம்பைக்காரர். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. கூண்டில் ஏறியதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூணு மிஷின் தள்ளி நின்னீங்க. எல்லா மிஷினும் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"ஓடுச்சுங்க."

"ஓடுற நேரத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசினாலே காதுல விழாது. சரிதானா?"

"காதுல விழாதுங்க. ஆனா அங்கன நாங்க காத வச்சு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க மேஸ்திரி. காதுல விழாது. ஆமாவா, இல்லையா?"

அவர் நீதிபதியைப் பார்த்தார். பிறகு செல்லையாவைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். மில் தரப்பு வக்கீல் எழுந்து, தன் சாட்சியிடம் மறு விசாரணையில் ஒரே கேள்வி கேட்டிருந்தால் என் கட்டிடம் சரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அவரும் ரிங் பிரேம் ஹாலுக்குள் கால் வைத்தவரில்லை.

செல்லையாவுக்கு மறுபடி வேலை கொடுக்க வேண்டும், விட்டுப்போன சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று அவார்டு, அதாவது தீர்ப்பு, வந்தது. அந்த இரைச்சலில் மூன்று மிஷின் தூரத்திலிருந்து ஒரு சொல்லை அறிந்துகொள்வது மனிதனுக்குச் சாத்தியமில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். 'மனிதனுக்குச் சாத்தியமில்லை' என்பது என் வாதத்தில் இருந்த சொல். அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கில் நான் செய்தது தொழில் முறைப்படி குற்றமில்லை. எதிர்ச்சாட்சியை ஆமா, இல்லைக்குள் நிறுத்துவது எங்கள் வேலை. என் கட்சிக்காரனுக்கு நான் விசுவாசமாக இருந்தேன். இங்கே நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல. இதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

3. சத்தக் கேஸ் வக்கீல்

செல்லையா மாலையோடு வந்தான். போட்டுவிட்டு, போகும்போது வாசலில் நின்றான்.

"ஆனாலும் மேஸ்திரி பாவம்யா. நான் சொன்னது அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

நான் சிரித்தேன்.

மதுரையில் எனக்குப் பெயர் வந்தது. லேபர் கோர்ட் வராந்தாவில் சீனியர்கள் என்னை 'சத்தக் கேஸ் வக்கீல்' என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேறு மில் வழக்குகளில் அந்த அவார்டைக் காட்டி வாதாடினார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் நகல் கேட்டு ஆள் அனுப்பினார். என் பக்கத்தில் யாராவது வந்து உட்காருவது எனக்குப் பிடித்திருந்தது.

மில்லுக்குள் பரமசிவத்துக்கு 'செவிட்டு மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் நடந்து வந்தால் நூல் கட்டை மாற்றுகிற டாஃபர்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டுவார்களாம். காதர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

4. மேஸ்திரி மாடிப்படி ஏறியது

சில வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோர்ட் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பரமசிவம் வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"உக்காருங்க மேஸ்திரி."

"இருக்கட்டும். நின்னே பழகிருச்சு."

அவரையும் டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். முதலாளி வீட்டுச் சொந்தத்தில் ஒரு வாலிபர் டிப்ளமா முடித்துவிட்டுப் புதிதாகச் சூபர்வைசராக வந்திருந்தார். பழுது பார்க்க நிறுத்தியிருந்த ஒரு ரிங் பிரேமில், ஃபிட்டர் பக்கவாட்டு மூடியைத் திறந்து கியருக்குள் கையை விட்டிருந்தார். அதைக் கவனிக்காமல் சூபர்வைசர் சுவிட்சைப் போட்டுவிட்டார். ஃபிட்டருக்கு இரண்டு விரல் போனது. பார்த்துக்கொண்டு நின்றும் மேஸ்திரி எச்சரிக்கவில்லை என்று பழி இவர்மேல் விழுந்தது.

"எச்சரிக்கவே இல்லையா?"

"சொன்னேனே. மூணு மிஷின் இங்கிட்டு நின்னேன். தம்பி சுவிச்சுல கைய வச்சாப்ல. 'போடாதீக, கை உள்ள இருக்கு'ன்னேன். என்னைய நேருக்கு நேராத்தான் பாத்தாப்ல. தலைய வேற ஆட்டுனாப்ல. நான் வணக்கம் சொல்றேன்னு நெனச்சிருப்பாப்ல போல. போட்டுட்டாப்ல."

"ஓடிப்போய்த் தடுத்திருக்கலாமே?"

"ஓடியிருக்கணும். இப்பத் தெரியுது. அப்பத் தோணல. அந்த ஹாலுக்குள்ள என் வாயப் பாத்துட்டுப் புரியாமப் போனவன் ஒருத்தன் கிடையாது. பாத்துட்டாப்ல, அப்ப நிறுத்திருவாப்லன்னு நின்னுட்டேன்."

எதற்கு என்னிடம் வந்தீர்கள், மதுரையில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று கேட்டேன்.

"இருக்காக. அவுகளுக்கு ஒங்க தீர்ப்பு மட்டுந்தான் தெரியும். அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவரு நீங்க. நீங்கதான என்னையச் செவிடன்னு கோர்ட்டுல எழுதி வாங்குனீக? எனக்குக் கண்ணு இருக்குன்னு நீங்களே எழுதி வாங்கிக் குடுங்க. பணத்துக்காக இல்ல. வேணும்னே பாத்துக்கிட்டு நின்னேன்னு அந்த ஃபிட்டர் வீட்டுல நெனைக்கிறாக. எங்க தெருவுலதான் அவுக வீடு. தெனமும் அந்த வாசலத் தாண்டித்தான் நான் போகணும், வரணும்."

கேஸை எடுத்துக்கொண்டேன்.

மறுவாரமே செல்லையா வந்தான். நான் கூப்பிடவில்லை. "நான் பாத்தேன்யா. அவரு சொன்னாரு. சொல்லுச் சொல்லாப் பாத்தேன். கூண்டுல ஏறிச் சொல்றேன்." பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா வாயப் பாத்தேன்னு நான் சொன்னா, பழைய கேஸு என்னாகும்? அதுல வாயப் பாத்தாத் தெரியாதுன்னுல்ல வேலைய வாங்கிக் குடுத்தீக?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "சிக்கல் இருக்கு செல்லையா. யோசிக்கணும்" என்றேன்.

சிக்கல் அவனுக்குப் பெரிதாக இல்லை. பழைய அவார்டு முடிந்துபோன விஷயம். அதைத் திரும்பத் திறந்து அவனை வெளியே அனுப்புவது மில்லால் ஆகிற காரியமில்லை. தொந்தரவு கொடுக்கலாம், அதை நான் சமாளித்திருப்பேன். இது எனக்கு அன்றே தெரியும். அவனிடம் சொல்லவில்லை. சிக்கல் எனக்கு இருந்தது. சத்தக் கேஸ் வக்கீல் எழுந்து நின்று, என் வாதம் அரை உண்மை, அந்த ஹாலில் மூன்று மிஷின் தூரத்தில் ஒரு சொல்லை அறிந்துகொள்ள முடியும் என்று அதே கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

செல்லையாவைக் கூண்டில் ஏற்றாமலே இன்னொரு வழியும் இருந்தது. நீதிபதி நேரில் வந்து ஹாலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனு போட்டிருக்கலாம். மிஷின் ஓட்டத்தில் தொழிலாளிகள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். அந்த மனுவை மனதுக்குள் பல தடவை எழுதினேன். போடவில்லை.

5. வாசலில் நின்றவன்

சாட்சி நாளில் பரமசிவம் அதே கூண்டில் ஏறி, சூபர்வைசரை எச்சரித்ததாகச் சொன்னார். செல்லையா லீவு போட்டுவிட்டு வந்து கோர்ட் ஹால் வாசலில் நின்றான். நான் கையைக் காட்டினால் உள்ளே வருவான். நான் அவன் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

மில் தரப்பு வக்கீல் பழைய அவார்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதே கோர்ட்ல, அந்த ஹால்ல காதுல விழாதுன்னு சாட்சி சொன்னது நீங்கதான?"

"நாந்தாங்க."

"அப்ப, சூபர்வைசர் காதுல மட்டும் எப்படி விழும்?"

"விழாதுங்க. அங்கன நாங்க காத வச்சு..."

அங்கே நிறுத்தினார். இந்த முறை யாரும் அவரை வெட்டவில்லை. நீதிபதி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மில் வக்கீலும் காத்திருந்தார். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, சத்தமில்லாமல், கொஞ்ச நேரம்தான். திரும்பிப் பார்த்தேன். செல்லையாவின் உதடும் அசைந்தது. அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். மேஸ்திரி மறுபடி ஏதோ சொன்னார். செல்லையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வராந்தாவில் இறங்கிப் போய்விட்டான்.

நிறைந்த கோர்ட்டில், என் கண் எதிரே, ஒரு முழுப் பேச்சு நடந்து முடிந்தது. அந்த வழக்கின் சாட்சியம் முழுவதும் அதில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லங்கய்யா" என்றார் பரமசிவம்.

"மறு விசாரணை உண்டா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை முடிக்கச் சொன்னால் போதும். "இல்லை" என்றேன். வேறு சாட்சி உண்டா என்றார். "இல்லை" என்றேன். சாட்சி தானாகவே போய்விட்டானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் உணர முடிகிறது.

டிஸ்மிஸ் செய்தது சரி என்று தீர்ப்பானது. பஸ்ஸில் ஊர் திரும்பும்போது மேஸ்திரி எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். தேனி வந்துவிட்டது.

6. உதடுகள் நின்ற வீடு

பிறகு பரமசிவம் கோம்பையில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகளின் நடுவில் இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். பந்தலில் மில் ஆட்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்ததால் இவர்கள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், ஹாலுக்குள் பேசுகிற மாதிரி. பெஞ்சுக்குப் பெஞ்சு உதடுகள் அசைந்தன. என்னைப் பார்த்ததும் எல்லா உதடுகளும் நின்றன. ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த நாற்காலியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். விரல் போன ஃபிட்டர் அங்கே வந்திருந்தாரா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

செல்லையாவை அதற்கு அப்புறம் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். தேனி பஸ் ஸ்டாண்டில். அவன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தான், நான் தொழிலை விட்டிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். அத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்குக் கூண்டுல நின்னு மேஸ்திரி ஒன்கிட்ட என்ன சொன்னாரு?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "'ஏலே, போயிரு. ஒனக்குப் புள்ளைக இருக்கு. என்னால ஒன் வேலை போக வேணாம்'னாரு. நான் மாட்டேன்னேன். 'நான் சொல்றேன், போ'ன்னாரு. மேஸ்திரில்ல. அவரு சொல்லி நான் மீறுனது அந்த ஒரு நாளுதான். அந்த வார்த்தையச் சொன்ன நாளு."

பிறகு அவன் கேட்டான். "ஏன்யா, அன்னைக்கு நான் ஏறிச் சொல்லியிருந்தா வேலை போயிருக்குமா?"

இத்தனை வருடம் அவன் அதை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவனும் நிம்மதியாகப் போயிருப்பான், நானும் தப்பித்திருப்பேன்.

"போயிருக்காது செல்லையா" என்றேன். "எனக்கு அது அப்பவே தெரியும்."

இளைய வக்கீல்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். ஜெயித்த வாதத்தை அந்தக் கேஸ் கட்டோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். அடுத்தாற்போல் படியேறி வருகிறவனுக்கு எதிராக அதைக் காவல் காக்காதீர்கள். நான் காத்தேன். இன்று அந்த அவார்டின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

செல்லையா டீக்குக் காசு கொடுத்தான். போடிக்குப் போகிற பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவன் என்னைப் பார்த்தான். ஹாரன் சத்தமும் கண்டக்டர் சத்தமுமாக இருந்தது. அவன் உதடு அசைந்தது. ஒரு தடவை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். அவன் அதையே இன்னொரு தடவை, நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.